உப்புத் தண்ணீர் ஊரில் ஒரு நீராவித் துடைப்பான்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு விதமான தரைகள் உண்டு. ரேழியும் கூடமும் என் மாமனார் காலத்தில் சிமெண்டில் காவிப்பொடி கலந்து இழைத்த சிவப்புத் தரை. கூடத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகை 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயலோடு போய்விட்டதால், அந்த இடத்தில் பிறகு கட்டிய சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் ஒரு படுக்கையறைக்கும் வெளிர்நிற விட்ரிஃபைடு டைல்ஸ் பதித்தோம். கடையில் கண்ணாடிபோல் மின்னிய அந்த டைல்ஸ், வீட்டுக்கு வந்த மறு வருடமே மங்கத் தொடங்கியது. துடைத்த ஈரம் இருக்கும்வரை பளிச்சென்றிருக்கும். காய்ந்ததும் பால் தடவியதுபோல் ஒரு வெண்மை படரும். வெறுங்காலில் நடந்தால் உள்ளங்கால் லேசாக ஒட்டும்.

ஒட்டுகிறதே என்று ஃபினாயிலைக் கூட்டினோம். அதன் நெடியில் அத்தைக்கு இளைப்பு வந்தது. ஃபினாயில் இல்லாமல், வெறும் நீராவியாலேயே தரையைச் சுத்தம் செய்யும் கருவி இருக்கிறது, வாங்கி அனுப்பட்டுமா என்று சென்னையிலிருந்து மகள் கேட்டது அந்த நேரத்தில்தான். சில ஆயிரம் ரூபாயிலிருந்து பதினைந்தாயிரத்துக்கு மேலும் விலை போகிற பொருளை விளம்பரப் படத்தை மட்டும் பார்த்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. திருச்சியில் இருக்கும் நாத்தனாரிடம் அப்படி ஒன்று இருப்பது நினைவுக்கு வர, தை மாதக் கடைசியில் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி வந்தோம்.

இந்தக் கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கைப்பிடியோடு சேர்ந்த சிறிய தொட்டியிலிருந்து பம்பு மூலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை எடுத்துச் சூடாக்கும் மாப்பு வகை. தொட்டி காலியானால் உடனே நிரப்பிக்கொள்ளலாம். மற்றொன்று, மூடியைத் திருகி மூடிய கொதிகலத்துக்குள் தண்ணீரைக் காய்ச்சி, அழுத்தத்தோடு குழாய் வழியே நீராவியை அனுப்பும் பெட்டி வகை. இதில் நீராவியின் வேகம் அதிகம். ஆனால் பிரஷர் குக்கரைப் போலவே, அழுத்தம் அடங்காமல் மூடியைத் திறக்கக் கூடாது. நாத்தனாரிடம் இருந்தது மாப்பு வகை, 1500 வாட்.

1500 வாட் என்றால் எவ்வளவு நீராவி கிடைக்கும் என்பதை யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். முப்பது டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை நூறு டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோஜூல் போதும். ஆனால் கொதிக்கும் அந்தத் தண்ணீரை முழுவதும் ஆவியாக்க மேலும் 2,250 கிலோஜூல் தேவை. 1500 வாட் கருவி ஒரு நிமிடத்தில் தருவது 90 கிலோஜூல். ஆகவே, எந்தக் கம்பெனிக் கருவியாக இருந்தாலும், நிமிடத்துக்கு 35 கிராமுக்கு மேல் தொடர்ந்து நீராவி கொடுக்க அதனால் முடியாது. ஒரு டம்ளர் தண்ணீர் ஆறு நிமிடத்துக்கு வரும். டைல்ஸ் போட்ட மூன்று அறைகளையும் முடிக்க அரை மணி நேரம் ஆனது. மின்சாரம் முக்கால் யூனிட். வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்துக்கு இருபது யூனிட்டைத் தொடாது. ஆகவே மின்கட்டணம் இதில் ஒரு பொருட்டே அல்ல.

பொருட்டாக இருந்தது மின்சாரத்தின் தரம். 230 வோல்ட்டில் இந்தக் கருவி ஆறரை ஆம்பியர் இழுக்கும் என்பதால், சாதாரண ஐந்து ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது; பவர் பிளக்தான் வேண்டும். எங்கள் வீட்டில் பவர் பிளக் இருப்பது இரண்டே இடங்களில், ஒன்று மிக்ஸி கிரைண்டர் அருகே, மற்றொன்று ஏசிக்காகப் போட்டது. மேலும், வயலில் மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் எங்கள் பக்கம் வோல்டேஜ் 180க்கு இறங்குவது சகஜம். சூடேற்றும் கம்பியின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குப் பதில் 180 வந்தால், 1500 வாட் கருவி 920 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். மாலை ஐந்து மணிக்குப் போட்டுப் பார்த்தபோது, இட்லிப் பானை மூடியைச் சற்றே தூக்கியதுபோல் ஒரு சோம்பல் ஆவிதான் வந்தது. எங்கள் இன்வெர்ட்டரால் இதை இழுக்க முடியாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இனி தரைக்கு வருகிறேன். அது சம்பா அறுவடை முடிகிற காலம். தெருவில் டிராக்டர் போனாலே சுணையும் பதரும் வாசல் தாண்டி உள்ளே வந்து உட்காரும். நீராவிக் கருவி எதையும் உறிஞ்சுவதில்லை. கூட்டாமல் ஓட்டினால் தூசி ஈரத்தில் நனைந்து சேறாகி, துணியின் ஓரத்தில் ஒரு கோடாக ஒதுங்கி நிற்கிறது. ஆகவே முதலில் வழக்கம்போல் பெருக்கத்தான் வேண்டும். இடுப்பு வளைகிற வேலை அங்கே குறையவில்லை. துணியையும் ஓர் அறைக்கு ஒன்று என்று மாற்றவேண்டியிருந்தது. அழுக்கான துணியோடு அடுத்த அறைக்குப் போனால், முந்தைய அறையின் அழுக்கைச் சூடாக்கிப் பூசியதுதான் மிச்சம்.

சமையலறையில் கருவி தன் திறமையைக் காட்டியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுப்படியில் எண்ணெய் தெறித்துத் தெறித்துப் பழுப்பேறியிருந்த டைல்ஸ் இடுக்குகள், ஒவ்வொன்றின் மேலும் பத்து பதினைந்து விநாடி நிறுத்தித் தேய்த்தபோது, புதிதாகப் பூசிய நாளின் சாம்பல் நிறத்துக்கு ஏறக்குறையத் திரும்பின. சாமி அலமாரிக்குக் கீழே விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் சொட்டி இறுகியிருந்த பிசுக்கும் அப்படியே இளகி வந்துவிட்டது. மஞ்சள் கறை மட்டும் அசையவில்லை. நீராவி பிசுக்கை இளக்குமே தவிர, ஊறிய நிறத்தை எடுக்காது. இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. முதல் நாள் வெள்ளிக்கிழமை போட்ட மாக்கோலம் சாமி அலமாரி எதிரே காய்ந்திருந்ததை நான் கவனிக்காமல் மேலே ஓட்டிவிட்டேன். அரிசி மாவும் ஈரமும் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும்? தரையில் கஞ்சி காய்ச்சியாகிவிட்டது. அந்தப் பசையைச் சுரண்டி எடுக்க அன்று காலை முழுவதும் ஆயிற்று.

கிருமிகள் ஒழிந்துவிடும் என்கிற வாக்கை நான் பாதிதான் நம்புகிறேன். நீராவி நூறு டிகிரியில் கிளம்பினாலும், துணியைக் கடந்து குளிர்ந்த தரையைத் தொடும்போது சூடு இறங்கிவிடுகிறது. சூட்டால் கிருமி சாக வேண்டுமென்றால் அந்தச் சூடு ஒரே இடத்தில் சில விநாடிகளாவது நிற்க வேண்டும். அறை துடைப்பவர் யாரும் ஓர் அடிக்கு ஒருமுறை நின்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

கூடத்துச் சிவப்புத் தரையில் ஓட்டக் கூடாது என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் ஒரு மூலையில் சோதித்தேன். சிவப்புத் தரையின் பளபளப்பு சிமெண்டிலிருந்து மட்டும் வருவதில்லை. அம்பது வருடமாக மாதம் ஒருமுறை தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்து, அத்தையின் கையால் ஏறிய மெருகு அது. சிலர் மெழுகு போடுவார்கள். தேன்மெழுகே 65 டிகிரிக்குள் உருகிவிடும். நான் மாப்பை வைத்து எடுத்த இடத்தில், அதன் வடிவத்திலேயே முக்கோணமாக ஒரு வெளிறல் விழுந்தது. துணியில் பழுப்பாக எண்ணெய்ப்பசை. காவியின் சிவப்பு போகவில்லை, அதற்கு மேலிருந்த மெருகு போய்விட்டது. அத்தை அதைப் பார்த்துவிட்டு என்னை ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆத்தங்குடிக் கல், பாலிஷ் போட்ட பளிங்கு, மரத் தரை எதுவாயினும், மேற்பூச்சை நம்பி வாழ்கிற தரைக்கு இந்தச் சூடு ஆகாது என்பது அந்த முக்கோணத்தில் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள், கருவியிலிருந்து நீராவி விட்டுவிட்டு வரத் தொடங்கியது. நாத்தனார் கேன் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தும், அவசரத்தில் நான் இரண்டு முறை போர் தண்ணீரை ஊற்றியிருந்தேன். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைப் பற்றி அறியாதவர்களுக்கு: வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும், வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளைக் காறையாகப் படிந்து, வருடத்துக்கு ஒருமுறை உளி வைத்துத் தட்ட வேண்டியிருக்கும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தானே. அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே தங்கிவிடும். வேதாரண்யத்து உப்பளத்தில் வெயில் செய்கிற அதே வேலையைத்தான் கருவிக்குள் இருக்கும் சூடேற்றுங்கம்பி செய்கிறது. எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி ஊறவைத்து, ஓட்டிக் கழுவியபோது, முட்டை ஓடு நொறுங்கியதுபோல் செதில் செதிலாக வந்து விழுந்தது.

அந்தச் செதில்களைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், எங்கள் டைல்ஸின் வெண்மை எது என்பது எனக்கு உறைத்தது. நாங்கள் தினமும் இதே தண்ணீரை ஒரு வாளி எடுத்துத் தரையில் பூசி, மின்விசிறியைப் போட்டு ஆவியாக்கிக்கொண்டிருந்தோம். அழுக்கென்று நினைத்துத் துடைத்ததே தண்ணீர் விட்டுப்போன உப்புதான். அதன்மேல் மூடிக் கணக்கில்லாமல் ஊற்றிய ஃபினாயிலின் பசை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் இதைச் சொன்னேன். "எங்க வீட்லயும் இதே டைல்ஸ்தாம்மா. நாங்க குழாத் தண்ணியிலதான் தொடைப்போம், இப்படி வராது" என்றார், இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே என்கிற தொனியில்.

சாப்பாட்டு அறையை நடுவில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுப் பிரித்தோம். ஒரு பாதியில் கேன் தண்ணீர் ஊற்றிய நீராவி மாப்பு. மறு பாதியில் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருகிற நல்ல தண்ணீர், ஃபினாயில் இல்லாமல். முதல் வாளியில் ஒருமுறை துடைத்து, இரண்டாவது வாளியில் துணியை அலசிப் பிழிந்து மறுமுறை. நான்காம் நாள் கோட்டின் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பால் போன்ற வெண்மை இரண்டு பக்கமும் போயிருந்தது. காலில் ஒட்டவும் இல்லை. நீராவிப் பாதி இரண்டு நிமிடத்தில் காய்ந்தது, வாளிப் பாதி பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஐப்பசி கார்த்திகையில், தரையே வியர்த்து நாள் முழுவதும் ஈரம் காயாமல் கிடக்கும்போது, அந்த எட்டு நிமிடம் அரை நாளாகக்கூட நீளும் என்பதையும், வழுக்கி விழப் பயப்படுகிற அத்தையையும் நான் யோசிக்காமலில்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்தில்தான் எங்கள் ஊரில் மின்சாரமும் அடிக்கடி போகிறது.

மகளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை; அதனால் வருகிற நாளில் துடைப்பதற்கென்றே இரண்டு குடம் தனியாகப் பிடித்துவைக்கிறோம். மழைக்காலத்துக்கு மாடித் தண்ணீரைப் பிடிக்க ஒரு பீப்பாய் வாங்கினோம். அந்த ஒன்றுதான் இதில் ஆன செலவு. ஃபினாயில் இப்போது கழிவறைக்கு மட்டும். அத்தைக்கு இளைப்பு முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், பனிக்காலத்தில் அது வரத்தான் செய்கிறது. துடைக்கிற நேரத்தில் வருவது நின்றிருக்கிறது.

அடுப்படி இடுக்குகள் மட்டும் மனத்தை உறுத்துகின்றன. சோப்பும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தால் அந்த நிறம் வருவதில்லை. பொங்கலுக்கு முன்னால் வருடம் ஒருமுறை இரவல் தருவதாக நாத்தனார் ஒப்புக்கொண்டிருக்கிறாள். கருவியைத் திருப்பிக் கொடுத்த அன்று, தொட்டியின் மூடியைத் திறந்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "உண்மையைச் சொல்லுங்க அண்ணி, போர் தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டாள். அடுத்த முறை கருவியோடு இரண்டு கேன் தண்ணீரையும் அவளே அனுப்புவதாக ஏற்பாடு.