கதவு திறப்பதற்கு முன்

1998இல் சென்னையில் ஒரு தனியார் தொலைக்காட்சியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு விழுந்தது நைட் ஷிஃப்ட். எம்.சி.ஆர். என்று நாங்கள் சொல்லும் மாஸ்டர் கன்ட்ரோல் ரூம். எல்லா நிகழ்ச்சியும் அந்த ஒரு அறை வழியாகத்தான் வெளியே போகும். ஜன்னல் கிடையாது. மெஷின் சூடாகக் கூடாது என்று ஏ.சி.யைக் குளிர வைத்திருப்பார்கள், நாங்கள் மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்போம். ஷிஃப்டில் இரண்டே பேர், நானும் என் சீனியரும். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பழைய பேய்ப்படமோ மர்மப்படமோ போடுவோம். ‘நெஞ்சம் மறப்பதில்லை’, ‘யார் நீ’, ‘அதே கண்கள்’, அப்புறம் எண்பதுகளில் வந்த ‘யார்’, ‘மை டியர் லிசா’. கையிருப்பு தீர்ந்தால் விட்டலாச்சாரியாவின் ‘ஜகன்மோகினி’. பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்து எரிக்கும் அந்தக் காட்சிக்கு நானே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன், ஒளிபரப்புகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

அப்போது படங்கள் பீட்டாகேம் என்ற வீடியோ கேசட்டில் இருக்கும். பெரிய கேசட்டில் 90 நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டு கேசட். ஒன்று ஒரு டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் மெஷினில், ஓடும்போதே அடுத்ததை இன்னொரு டெக்கில் தொடங்கும் இடத்தில் நிறுத்தித் தயாராக வைத்து, வேகம் பிடிக்கச் சில வினாடி முன்னதாகவே ஓடவிட்டு, சரியான ஃப்ரேமில் மாற்ற வேண்டும். எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரின்ட்டிலிருந்து டெலிசினி செய்தவை, அதாவது ஃபிலிமிலிருந்து வீடியோவுக்கு மாற்றியவை. ஆயிரம் அடி ரீல் சுமார் 11 நிமிடம் ஓடும். ஒவ்வொரு ரீல் முடியும் இடத்திலும் கீறல் மழையாகக் கொட்டும், அடுத்த ரீலுக்கு மாற்று என்று தியேட்டர் ஆபரேட்டருக்குச் சொல்லும் புள்ளி ஒன்று வலது மேல் மூலையில் மின்னிவிட்டுப் போகும். எந்த ஊர்க் கொட்டகையில் எந்த ஆபரேட்டர் அந்தப் புள்ளிக்காகக் காத்து நின்றாரோ என்று நினைப்பேன். அவர் விட்ட இடத்திலிருந்து நான் ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

முதல் மாதமே ஒரு பாடம் கிடைத்தது. ‘நெஞ்சம் மறப்பதில்லை’ ஓடுகிறது. 1963 படம், இயக்கம் ஸ்ரீதர், ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். பாழடைந்த மாளிகைக்குள் கல்யாண்குமார் நடக்கிறார். மானிட்டரில் பாதித் திரை கறுப்பு. வீட்டு டி.வி.யில் இது ஒன்றுமே தெரியாதே என்று பதறி, பிளாக் லெவல் குமிழைக் கொஞ்சம் ஏற்றினேன். கறுப்பு வெளுத்துச் சாம்பலாகி, தூணுக்குப் பின்னால் இருந்த சுவரெல்லாம் தெரிய ஆரம்பித்தது. அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“தம்பி, என்ன பண்றே?”

“ஒண்ணுமே தெரியலண்ணே.”

“தெரியக் கூடாதுன்னுதான் அந்த மனுஷன் லைட்டை அணைச்சு வச்சு எடுத்திருக்கார். நீ ஏன் போடறே?”

குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். சுவர் மறைந்தது. தூணுக்குப் பின்னால் மறுபடியும் யாரோ நிற்பது போல ஆனது. அதே வின்சென்ட் அடுத்த ஆண்டே மலையாளத்தில் ‘பார்கவி நிலைய’த்தை இயக்கினார், கதை வைக்கம் முகம்மது பஷீருடையது. அண்ணன் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒளியை எங்கே வைப்பது என்பதைவிட எங்கே வைக்காமல் விடுவது என்று தெரிந்தவர் வின்சென்ட் என்பார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இருட்டில் எடுத்த எந்தக் காட்சியைப் பார்த்தாலும் அந்தக் குமிழ் நினைவுக்கு வருகிறது.

விளம்பர இடைவேளையை எங்கே வைப்பது என்பது இன்னொரு பாடம். மதியமே பிரிவ்யூ ரூமில் படத்தைப் பார்த்து, வெட்ட வேண்டிய இடத்தின் டைம்கோடு, அதாவது டேப்பில் அந்த இடம் வரும் நேரக் குறியீடு, எழுதித் தர வேண்டும். பயத்தின் உச்சத்தில் வெட்டினால் பார்க்கிறவருக்குக் கோபம் வரும். எல்லாம் அடங்கிய பிறகு வெட்டினால் படுக்கப் போய்விடுவார். கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டு, கை தாழ்ப்பாளுக்குப் போய், கதவு இன்னும் திறக்காத அந்த இடம்தான் சரியான இடம். விற்பனைப் பிரிவுக்கு அது வியாபாரம். எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. அந்த மூன்று நிமிடத்தில்தான் பேய் திரையை விட்டு இறங்கி வீட்டுக்குள் வரும். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போக வேண்டும், கொல்லைப்புறம் போக வேண்டும், ஆனால் போக மாட்டார்கள்.

சத்தத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. பழைய படங்களின் ஒலி மெலிந்தது, இரைச்சலுக்கு நடுவே நாய் ஊளையும் கீல் முனகலும் லேசாகத்தான் வரும். நம் வீடுகளில் அதற்காக வால்யூமைக் கூட்டி வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் சோப்பு விளம்பரம் அலறினால் பக்கத்தில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும். அதனால் பிரேக் வரும்போதெல்லாம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கையால் கொஞ்சம் இறக்குவேன், படம் தொடங்கும்போது ஏற்றுவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை, எந்த லாக் புத்தகத்திலும் எழுதியதில்லை.

அந்த வீடுகளில் பார்க்கிறவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது போன் மூலமாகத்தான். எம்.சி.ஆர். நம்பர் வெளியாருக்குத் தரக் கூடாது, ஆனாலும் இரவில் டெலிபோன் ஆபரேட்டர் இல்லாததால் அலுவலகத்தின் பொது நம்பருக்கு வரும் அழைப்பு எங்களிடம் வந்துவிடும். ‘யார் நீ’ போட்ட இரவு அது. 1966 படம், ‘வோ கோன் தி’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம். மழை, ஜெய்சங்கரின் கார், சாலையில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண். ‘நானே வருவேன்’ என்று சுசீலாவின் குரல் எங்கிருந்தோ வரும். இடைவேளை விட்டதும் போன் அடித்தது. வயதான அம்மா ஒருவர்.

“தம்பி, விளம்பரம் எவ்வளவு நேரம் ஓடும்?”

“மூணு நிமிஷம்மா.”

“அதுவரைக்கும் லைன்ல இருப்பா. வீட்டுல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க, நான் ஒருத்திதான்.”

பயமாக இருந்தால் அணைத்துவிடுங்களேன் என்றேன். “அணைச்சா இன்னும் பயமால்ல இருக்கும்? இந்தப் படத்தைக் கல்யாணமான புதுசுல அவரோட பார்த்தது. பாட்டு வந்ததும் கையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டார். அவருக்குத்தான் பயம், எனக்கில்ல” என்றார். இருபது வினாடி இருக்கும்போது சொன்னேன். “சரி, வரட்டும்” என்று வைத்துவிட்டார்.

அந்த இரவுக்குப் பிறகு நான் தனியாக வேலை பார்ப்பதாக ஒருபோதும் தோன்றவில்லை. நான் பட்டனை அழுத்தும் அதே வினாடியில் எங்கெங்கோ விளக்கணைத்த வீடுகளில் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு பார்க்கிறார்கள். நிறுத்தவோ பின்னால் ஓட்டவோ யாராலும் முடியாது. எல்லோருக்கும் கதவு ஒரே சமயத்தில்தான் திறக்கும். இன்று அதே படங்கள் கைபேசியில் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கின்றன, என் மகன் பஸ்ஸில் நின்றுகொண்டே பார்க்கிறான். கிடைக்கிறதே என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த ஒரே சமயம் மட்டும் அதில் இல்லை, அதைத்தான் நான் தேடுகிறேன்.

பிறகு கேசட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர் சர்வர் வந்தது. பிளேலிஸ்ட் தானாக ஓடியது, எங்கள் கைக்கு வேலை குறைந்தது. அண்ணன் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளுக்கு முன் பழைய கேசட்டுகளை டிஜிட்டலுக்கு மாற்றும் வேலையில் என்னையும் போட்டார்கள். கடற்கரை ஊரின் ஈரம் டேப்பை விடுமா, பாதிக்குமேல் வெள்ளைப் பூஞ்சை. ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து ஓட்டினோம்.

‘யார் நீ’ முதல் கேசட்டின் பெட்டிக்குள் பிரேக் நேரங்களைக் குறித்து மடித்த க்யூ ஷீட் ஒன்று இருந்தது. என் கையெழுத்துதான். முதல் பிரேக்குக்கு நேராக டைம்கோடு, அதன் பக்கத்தில் அண்ணனின் பச்சை மை: “விளம்பரம் வந்தா சத்தம் இறக்கு.” நான் செய்துகொண்டிருந்ததை அவர் கவனித்திருக்கிறார், எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருபவனுக்காக எழுதி வைத்திருக்கிறார்.

டேப்பை டெக்கில் போட்டேன். மழை பெய்யத் தொடங்கியது. அறை விளக்கை அணைக்கலாமா என்று பக்கத்தில் இருந்த பையனிடம் கேட்டேன்.