டிலேயை விட்டு ஒழித்த கதை

மார்ச் 2

செடித்தொட்டிக்குத் தண்ணீர் விடும் பெட்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். மூளையாக ஒரு ஆர்டுயினோ ஊனோ ஆர்3, நிரல் ஏற்றி ஓடவிடும் ஒரு குட்டிக் கணினிப் போர்டு. ஆறு மணி நேரத்துக்கொரு தடவை மண்ணின் ஈரம் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் பம்ப் 20 விநாடி ஓட வேண்டும். எல்இடி அரை விநாடிக்கொரு தடவை கண் சிமிட்ட வேண்டும். அவசரத்துக்கு நிறுத்த ஒரு பட்டன்.

முதல் வடிவத்தில் எல்லாமே டிலே, அதாவது 'இத்தனை மில்லிவிநாடி சும்மா நில்' என்ற கட்டளை. பம்ப் ஓடும்போது பட்டனை அழுத்து அழுத்து என்று அழுத்தினேன், மதிக்கவே இல்லை. எப்படி மதிக்கும்? டிலே(20000) என்று சொல்லிவிட்டால் அது முடியும் வரை நம் லூப்பில் (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) வேறு எந்த வரியும் ஓடாது.

மார்ச் 3

மில்லிஸுக்கு மாறினேன். போர்டு உயிர்பெற்றதிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஆகியிருக்கிறது என்று சொல்லும் ஃபங்ஷன் (பெயர் சொல்லிக் கூப்பிடும் நிரல் துண்டு). கடைசியாக எப்போது சிமிட்டினோம் என்று குறித்துவைத்து, இப்போதைய நேரத்திலிருந்து கழித்து, 500 தாண்டியிருந்தால் மறுபடி சிமிட்ட வேண்டியதுதான்.

எல்இடி அழகாகச் சிமிட்டியது. 33-வது விநாடியில் சிமிட்டுவதை நிறுத்திவிட்டு, மங்கலாக நிலையாக எரிய ஆரம்பித்தது. வயரிங்கைச் சந்தேகித்து ஒரு மணி நேரம் வீண். நேரத்தைக் குறித்துவைத்த வேரியபிளை 'இன்ட்' (முழு எண்) என்று எழுதியிருந்தேன். ஊனோவில் இன்ட் 16 பிட்தான், 32767-க்கு மேல் போனால் மைனஸில் விழும். அதன்பின் கழித்தல் விடை 65536-க்குக் குறையவே குறையாது. ஒவ்வொரு லூப்பிலும் எல்இடி அணைந்து எரிய, கண்ணுக்கு அது அரை வெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது. அன்சைன்டு லாங் (மைனஸே இல்லாத 32 பிட் எண்) என்று மாற்றியதும் சரியானது.

மார்ச் 6

ஒவ்வொரு வேலைக்கும் 'நேரம் வந்துவிட்டதா' என்று கேட்கும் தனி 'இஃப்' எழுதினால் லூப் அனுமார் வால் போல நீள்கிறது. அதனால் ஒரு அட்டவணை போட்டேன். ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயங்கள்: ஃபங்ஷன் பாயிண்டர் (எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்ற முகவரி), இடைவெளி, கடைசியாக ஓடிய நேரம், இயங்குகிறதா இல்லையா. லூப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை மில்லிஸைப் படித்து 'இப்போது' என்று வைத்துக்கொண்டு, வரிசையாகப் போய் நேரம் வந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. 'பம்ப் ஆன்' ஓடும்போது, 20 விநாடி கழித்து ஒரே ஒரு தடவை ஓட வேண்டிய 'பம்ப் ஆஃப்' வரியையும் முடுக்கிவிடும்.

பக்கம் முழுக்கக் கிறுக்கிய நிரல் இருபது வரிக்குள் அடங்கியதில் கொஞ்சம் கர்வம்தான்.

மார்ச் 8

கர்வம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரத்தை ஒரு நிமிடமாக்கி ஓடவிட்டேன். பெரும்பாலும் பம்ப் 20 விநாடி ஓடுகிறது. சில சமயம் மட்டும் பம்புக்கு மின்சாரம் விடும் ரிலே 'டிக்-டிக்' என்று ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகிவிடுகிறது. பத்துக்கு ஒன்று இருக்கும். காரணம் பார்க்கலாம் என்று 'பம்ப் ஆன்' ஃபங்ஷனுக்குள் சீரியலில் (கணினிக்கு எழுத்து அனுப்பும் இணைப்பு) நீளமாக நாலு வரி அச்சிட வைத்தேன். இப்போது பத்துக்குப் பத்தும் அப்படியே!

மார்ச் 10

பிடித்துவிட்டேன். படம் வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது.

'இப்போது' என்பது லூப்பின் தொடக்கத்தில் படித்த பழைய நேரம். 'பம்ப் ஆன்' உள்ளே போய் ஈரம் அளக்கிறது, அதற்கு ஏறக்குறைய 0.1 மில்லிவிநாடி. அப்புறம் 'பம்ப் ஆஃப்' வரியில் புதிதாக மில்லிஸைப் படித்து எழுதுகிறது. இடையில் மில்லிஸ் ஒன்று கூடியிருந்தால், ஆஃப் வரியின் தொடக்க நேரம் 'இப்போது'வைவிட ஒன்று அதிகம். அடுத்த வரிக்குப் போனதும் இப்போதிலிருந்து அதைக் கழித்தால் மைனஸ் ஒன்று. அன்சைன்டில் மைனஸ் ஏது? அது 4294967295. இருபதாயிரத்தைவிடப் பெரியது, எனவே ஆஃப்.

0.1 மில்லிவிநாடிக்குள் எண் மாற வாய்ப்பு பத்தில் ஒன்று. அச்சிட வைத்தபோது? 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி. அனுப்பவேண்டிய எழுத்துகள் காத்திருக்கும் 64 பைட் பஃபர் நிறைந்ததும் நிரல் அங்கேயே காத்து நிற்கும். அப்புறம் தப்பவே வழியில்லை. பிழையைத் தேடப் போட்ட வரியே பிழைக்குத் தீனி போட்டிருக்கிறது.

கழித்தலே வேண்டாம் என்று, அட்டவணையில் 'கடைசி நேரம்' இருந்த இடத்தில் 'அடுத்த நேரம்' வைத்தேன். இப்போது ≥ அடுத்தது என்றால் ஓடு. பிரச்சினை தீர்ந்தது.

மார்ச் 12

தீரவில்லை. மில்லிஸ் 49 நாள் 17 மணி 2 நிமிடம் 47 விநாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அதற்காக ஐம்பது நாள் காத்திருப்பானேன்? ஆர்டுயினோவின் உள்ளே அந்த எண்ணைச் சுமக்கும் டைமர்0_மில்லிஸ் என்ற வேரியபிளையே, நிரம்ப ஒரு நிமிடம் இருக்கும் இடத்துக்குத் தள்ளிவைத்தேன்.

அடுத்த நேரம் = இப்போது + இடைவெளி. கூட்டல் நிரம்பி வழிந்து சின்ன எண்ணாகிவிட்டது. 'இப்போது' அதைவிடப் பெரியது, ஆகவே ஒவ்வொரு லூப்பிலும் பம்ப் ஆன். ஆஃப் வரியோ ஒவ்வொரு தடவையும் இன்னும் 20 விநாடி தள்ளிப்போகிறது. 40 விநாடி இடைவிடாமல் ஓடியது. கடைசி 20 விநாடியில் ஆஃப் நேரமும் வழிந்துவிட, ரிலே படபடவென்று அடித்துக்கொண்டது. பூஜ்யம் தாண்டியதும் சமர்த்தாகிவிட்டது. நிஜத்தில் இது கடைசி ஆறு மணி நேரம் வரைகூட நடக்கலாம். ஈரம் சரியாகத் தெரியாவிட்டால் அறையில் தண்ணீர் நிற்கும்.

தீர்வு ஒரே வரி. இப்போதிலிருந்து அடுத்ததைக் கழி, விடையை சைன்டு லாங்காக (மைனஸும் கொள்ளும் 32 பிட் எண்) பார், பூஜ்யமோ அதற்கு மேலோ இருந்தால் ஓடு. கடிகாரத்தில் 10-லிருந்து 2 வரை நான்கு மணி நேரம் என்று நாம் யோசிக்காமல் சொல்வதில்லையா, அதே கணக்கு. நேரம் வராவிட்டால் விடை மைனஸ், வந்துவிட்டால் பிளஸ். மார்ச் 8 பிழையும் இதில் அடிபட்டுப்போகிறது. ஒரு நிபந்தனை: இடைவெளி 24.8 நாளைத் தாண்டக் கூடாது. எனக்கு ஆறு மணி நேரம் போதும்.

மார்ச் 13

ஹார்டுவேர் டைமர் இன்டரப்டிலிருந்தே (ஓடும் நிரலை இடைநிறுத்தி நடுவில் புகும் குறுக்கீடு) ஃபங்ஷன்களைக் கூப்பிட்டால் என்ன என்று ஒரு சபலம். உள்ளே தெரியாமல் ஒரு டிலே மிச்சம் இருந்தது; போர்டு அப்படியே உறைந்துவிட்டது. இன்டரப்டுக்குள் இருக்கும்போது மில்லிஸ் நகராது, டிலேயும் முடியாது. அங்கே ஒரு வாலட்டைல் ஃபிளாகை (இடையில் மாறக்கூடிய அடையாள வேரியபிள்) மட்டும் ஏற்றிவிட்டு வேலையை லூப்பில் செய்வதுதான் மரியாதை. என் பெட்டிக்கு அதுவும் தேவையில்லை. பழைய அட்டவணைக்கே திரும்பினேன்.

மார்ச் 14

இரவு 9:10-க்கு மின்சாரம் கொடுத்துத் தொட்டியருகே வைத்தாயிற்று. இடைவெளிகளையும் பழையபடி மாற்றியாயிற்று. இனி கை வைப்பதில்லை.

ஏப்ரல் 9

ஓடுகிறது. எழுத ஒன்றுமில்லை.

மே 3

கணக்குப்படி இன்று மதியம் 2:12-க்கு மில்லிஸ் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். ஊனோவின் கடிகாரம் செராமிக் ரெசனேட்டர், அவ்வளவு துல்லியமில்லாத துடிப்பான்; ஐம்பது நாளில் மணிக்கணக்கில்கூட முன்பின் ஆகலாம். அதனால் உண்மையில் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று காலையிலேயே லேப்டாப்பைச் செருகி, போர்டு அனுப்புவதைக் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்தேன்.

சீரியல் மானிட்டரைத் திறந்தால் ஊனோ ரீசெட் ஆகும்.

திரையில் முதல் வரி: மில்லிஸ் 12.