ஸ்கீக்கும் தனி டிக்கெட்

நாங்கள் நாலு பேர், கையில் பனியில் சறுக்கும் நீளப் பலகைகள், அதாவது ஸ்கீ, நாலு ஜோடி. டாக்ஸிக்காரர் எட்டு என்று எண்ணினார். ஆளுக்குத் தனி, ஸ்கீக்குத் தனியாம். நியாயம் பேசுகிற நிலையில் நாங்கள் இல்லை. இருட்டிவிட்டது, பனி கொட்டுகிறது, சின்னவன் உறையில்லாத ஒரு கையை என் ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடுங்குகிறான். கால் மணி நேரப் பயணத்துக்கு அவர் வாங்கிய தொகையில் நாங்கள் இரண்டு நாள் சமைத்துச் சாப்பிட்டிருக்கலாம். வீடு திரும்பி மூன்று நாளாகியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

தப்பு எங்கள் மேலும் இருக்கிறது. அடிவாரத்து ஊரிலிருந்து மலைக்கு இலவசப் பேருந்து ஓடுகிறது. அதை நம்பித்தான் மலையை ஒட்டி அறை எடுக்காமல், ஊருக்குள் சமையலறையோடு ஒரு சின்ன வீடு பிடித்தோம். வாடகை பாதிக்கும் கீழே. காலையில் அந்தப் பேருந்து சித்திரவதைதான். எல்லோர் காலிலும் பிளாஸ்டிக் பூட்ஸ், கையில் ஆளுயர ஸ்கீ, ஒவ்வொரு வளைவிலும் யாருடைய கம்பாவது என் காதைப் பதம் பார்க்கும். இலவசம், பொறுத்துக்கொள்ளலாம். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் விட்டதுதான் பொறுக்க முடியாதது. சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நின்ற பிறகு தொலைந்த கையுறையைத் தேடிக்கொண்டிருந்தோம். நிறுத்தத்துக்கு ஓடி வந்தபோது பேருந்தின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது.

இன்னொன்று மறுநாள்தான் தெரிந்தது. ஸ்கீயை வாடகைக்குக் கொடுத்த கடையிலேயே ராத்திரி அதை விட்டுவிட்டு வரலாமாம், அதற்குத் தனிக் காசும் கிடையாது. மலையடிக் கடை என்பதால் ஊருக்குள் இருக்கும் கடைகளைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, சாமான்களை நாங்களே சுமந்து, அதற்கு டாக்ஸிக் கூலியும் அழுதிருக்கிறோம். ஊருக்குள் முன்கூட்டியே சொல்லிவைத்து, முந்தைய நாள் மாலையே பூட்ஸ் போட்டுப் பார்த்திருந்தால் காலை வரிசையும் மிச்சம்.

அந்தக் கடையில் எடை கேட்டார்கள். வெட்கப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொன்னேன். என் மனைவி அங்கேயே திருத்தினாள்: "ஏங்க, சும்மா சொல்லாதீங்க." பிறகுதான் விளக்கினார்கள். விழும்போது பூட்ஸ் ஸ்கீயிலிருந்து கழன்றுகொள்ள வேண்டிய இறுக்கத்தை எடை, உயரம், பூட்ஸின் நீளம், நம் திறமை எல்லாம் பார்த்துத்தான் வைக்கிறார்களாம். பொய் சொன்னால் கழலக் கூடாத இடத்தில் கழலும். அப்புறம், குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போடாதீர்கள். மெல்லியது ஒன்று போதும். இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் சில்லிட்டுப் போகும். பெரியவள் முதல் நாள் முழுக்க அழுதது இதனால்தான்.

இந்தப் பயணத்தின் பெரிய முட்டாள்தனம் லிஃப்ட் பாஸ். முதல் நாள் காலை வரிசையில் நின்று, பின்னால் நிற்பவர்கள் முறைக்கிறார்களே என்று, மலை முழுவதற்குமான பாஸை மூன்று பேருக்கு நாலு நாளுக்கு வாங்கினேன். கவுன்டரில் வாங்குவதுதான் இருப்பதிலேயே அதிக விலை. இணையத்தில் முன்னதாக வாங்கியிருந்தால், அதுவும் வார நாளுக்கு, நன்றாகக் குறைந்திருக்கும். அதைவிட மோசம், நாங்கள் புதுசு. நாலு நாளில் மூன்றரை நாள் கழிந்தது குழந்தைகளை ஏற்றிச் செல்லும் நகரும் பட்டையில். அதற்கு மட்டும் மலிவான பாஸ் பக்கத்திலேயே எழுதித் தொங்கியது! சின்னவனுக்கு ஐந்து வயது என்பதால் பாஸ் இலவசம். பல மலைகளில் இப்படி உண்டு, வயதுச் சான்றை மட்டும் மறக்காதீர்கள். நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

பாஸை வீணாக்கக் கூடாதென்று ஒரு தடவை நாற்காலி லிஃப்டில் மேலே போனோம். சரிவு எவ்வளவு கடினம் என்பதை நிறத்தால் காட்டுவார்கள். ஐரோப்பாவில் நீலம் என்றால் எளிய சரிவு. வட அமெரிக்காவில் எளிதுக்குப் பச்சை, நீலம் நடுத்தரம். எங்கள் மலை இரண்டாவது ரகம். நான் படித்துவிட்டுப் போனது முதலாவது. மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து இறங்கிவிட்டோம். எதிரே ஏறி வந்தவர்களெல்லாம் கையசைத்தார்கள்.

பயிற்சியில் மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். வீடியோ பார்த்து நானே சொல்லித்தருகிறேன் என்று ஒரு நாளைப் பாழாக்கினேன். மறுநாள் காலை குழுப் பயிற்சியில் சேர்த்துவிட்டேன். ஸ்கீயின் முனைகளை உள்ளே சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, பீட்சாத் துண்டு மாதிரி வைத்தால் வேகம் குறையும். இந்த ஒரு வார்த்தையில் சின்னவன் நிற்கக் கற்றுக்கொண்டான். நான் "முழங்காலை மடக்கு, எடையை முன்னால் கொண்டுவா" என்று தொண்டை வறண்டதுதான் மிச்சம். பயிற்சி, வாடகை, தொடக்கப் பாஸ் மூன்றையும் சேர்த்த திட்டமும் அங்கே இருந்தது. விசாரிக்காமல் தனித்தனியாகக் கட்டினேன்.

சாப்பாட்டில்தான் ஜெயித்தோம். மலைமேல் உணவகத்தில் முதல் நாள் ஒரு கிண்ணம் சூப்பின் விலையைப் பார்த்ததும் மனைவி மெனுவை மூடி வைத்தாள். அடுத்த மூன்று நாளும் பிளாஸ்க்கில் வீட்டுச் சூப், பையில் ரொட்டி, முட்டை. பனியில் ஒரு திட்டைத் தட்டி மேஜையாக்கி, வெயிலில் உட்கார்ந்து குடித்தோம். உதடு சுட, மூக்கு ஒழுக அந்தச் சூப் இறங்கிய சுகத்தை என்னால் எழுதிக்காட்ட முடியாது. பெரியவள் மூடியைக்கூட நக்கினாள். அந்த வெயிலில் நான் கிரீம் தடவாமல் விட்டேன். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். என் மூக்கு இன்னும் உரிகிறது.

துணிக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் எதுவும் பத்தாது, பனி உடைகளை இரவல் வாங்குங்கள். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், நனைந்தால் காயாது. கையுறையை மட்டும் காசு கொடுத்து வாங்கி, இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றைச் சட்டைக் கைகளுக்குள்ளே விட்டுத் தொங்கவிடுங்கள். தொலைந்த அந்த ஒற்றைக் கையுறை? நேற்றுத் துணி துவைக்கும்போது என் ஜாக்கெட்டின் உள்பையில் இருந்தது.