மணப்பாட்டுக் குன்றின் மேல் ஒரு காலை

திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் தெற்கே போனால் மணப்பாடு. ஊர் நெருங்கும்போதே கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணற்குன்றும், அதன் உச்சியில் வெள்ளையாகத் திருச்சிலுவை ஆலயமும் தெரிந்துவிடும். அம்மா பஸ்ஸில் இருந்தபடியே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பல வருஷத்து நேர்ச்சை அவருக்கு.

முதலில் இந்தக் குன்றில் இருந்தது ஒரு மரச்சிலுவை மட்டும்தான். 1540-ல் புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர், உயிரோடு கரை சேர்ந்தால் உடைந்த பாய்மரத்திலேயே சிலுவை செய்து நடுவதாக நேர்ந்துகொண்டாராம். கப்பல் இங்கே ஒதுங்கியது. அவரும் சொன்னபடியே நட்டார். ஆலயம் எழுந்தது 1581-ல். இயேசு அறையுண்ட சிலுவையின் சிறு துண்டு ஒன்றை இங்கே வைத்து வணங்குகிறார்கள். செப்டம்பர் 14 திருவிழாவுக்குக் குன்று கொள்ளாத கூட்டம் வரும். நாங்கள் போனது சாதாரண நாள்; பீடத்தின் முன்னால் நாலைந்து பேர்தான் முழங்காலில் இருந்தார்கள்.

அம்மாவின் மனசெல்லாம் குகையில்தான் இருந்தது. ஆலயத்துக்குக் கீழே, கடலைப் பார்த்தபடி இருக்கிற சவேரியார் குகை. 1542-ல் மறைபரப்பு குருவான புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரைக்கு வந்தபோது இதில்தான் தங்கி ஜெபித்தார் என்பது ஊரின் நம்பிக்கை. அவர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னமே இந்தக் கரையின் பரதவ மக்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஐரோப்பாவின் நவார் நாட்டிலிருந்து வந்த அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. மொழி தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கினார். தானும் மனப்பாடம் செய்தார். அப்புறம் கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதே கடிதங்களில் இன்னொன்றும் வரும்: நோயாளிகள் கூப்பிடும்போது தன்னால் போக முடியாவிட்டால் பிள்ளைகளை அனுப்புவாராம். அவர்கள் போய்க் கட்டிலருகே நின்று ஜெபம் சொல்வார்களாம். புதுமைகள், அதாவது அற்புதங்கள், எத்தனையோ அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ இந்தப் பிள்ளைகள்தான் பெரிய புதுமை.

குகைக்குள் குனிந்துதான் போனோம். மெழுகு உருகி உறைந்த தரை காலில் பிசுபிசுத்தது. உள்ளேயே ஒரு சின்னக் கிணறு. அலைச் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கிறது; ஆனால் தண்ணீரில் உப்புக் கரிக்கவில்லை. அங்கிருந்த பெரியவர் ஒருவர் வாளியைச் சாய்த்து, "கையை நீட்டுங்கம்மா, சவேரியார் தண்ணி" என்று ஊற்றினார்.

அம்மா குடித்துவிட்டு, மீதியைக் கண்களில் ஒற்றிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார். "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்று, அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்த பழைய வாசகம். எனக்கு மறைக்கல்வி வகுப்பில் கிடைத்தது "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே". எப்போதும் என் வாசகத்தைத்தான் சொல்வேன். அன்றைக்கு அம்மா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வரியாகப் பின்னாலேயே சொன்னேன்.