கப்போர்டும் நிலைமொழி ஈறும்

எட்டாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் சென்ற வாரம் ஆங்கிலப் பயிற்சித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். 'கப்போர்ட்' என்னும் சொல்லை அசையாகவும், அழுத்தம் விழும் இடம் கொண்டும், சொற்பகுதிகளாகவும் பிரிக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே இடத்தில் கோடு கிழித்து, கப், போர்ட் என்று எழுதியிருந்தாள்.

சொற்பகுதிக்கு அது சரி. கோப்பைகளை அடுக்கும் பலகைக்கு இட்ட பெயரே பிற்காலத்தில் கதவு வைத்த அலமாரிக்கும் ஆகி வந்தது. ஆனால் ஆங்கிலேயர் வாயில் அது 'கபர்ட்' என்றே ஒலிக்கிறது. 'கப்'பின் இறுதி ஒலி மறைந்து, 'போர்ட்'டின் முதலொலி, அதாவது 'பஸ்' என்னும்போது உதட்டில் பிறக்கும் ஒலி, மட்டும் நிற்கிறது. பல அகராதிகள் அதையும் முதல் அசையோடு சேர்த்துவிடுகின்றன. நிலைமொழி ஈறு, அதாவது முதலில் நிற்கும் சொல்லின் கடைசி எழுத்து, கெட்டது என்று நம் தமிழாசிரியர் ஒரே வரியில் முடித்திருப்பார். அழுத்தம் முதல் அசையில் விழுவதால் பின்னால் உள்ள நெடிலும் தேய்ந்துவிட்டது. 'கீபோர்ட்' என்பதிலும் அழுத்தம் முதலசையில்தான். ஆனால் அது அவ்வளவு பழைய சொல் அன்று, ஆகவே அதன் பலகை இன்னும் முழுதாக இருக்கிறது.

அழுத்தம் பொருளையே மாற்றுவதுண்டு என்பதை அவளுக்கு 'பிளாக்பேர்ட்' கொண்டு விளக்கினேன். முதற்பகுதியை அழுத்திச் சொன்னால் அது ஒரு குறிப்பிட்ட பறவையினம், அதன் பெட்டை பழுப்பு நிறம். 'பேர்ட்' என்பதை அழுத்தினால் காக்கையும் அதில் அடங்கும். இதிலும் முழு ஒழுங்கை எதிர்பார்க்க இயலாது: 'ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்' என்பதில் அழுத்தம் ஊர்ப்பெயரில், 'ஆக்ஸ்ஃபோர்ட் ரோடு' என்பதில் ரோட்டில். காரணம் கேட்டாள், வழக்கு அப்படி என்பதைத் தவிர என்னிடம் விடை இல்லை.

பிறகு அவளே, நம் கட்டுமரத்தை அவர்கள் எப்படிப் பிரிப்பார்கள் என்றாள். ஆங்கிலத்தில் அது 'கேட்டமரேன்', நான்கு அசை, முதன்மை அழுத்தம் கடைசி அசையில். அவர்களுக்கு அது பகாப்பதம், பிரித்தால் பொருள் தராத சொல். ஆயினும் மூன்று உடற்பகுதி கொண்ட படகுக்குப் பெயர் வைக்கும்போது அதை வெட்டி 'டிரைமரேன்' என்றார்கள். கத்தி சரியாக மரத்துக்கு முன்னால்தான் விழுந்திருக்கிறது.