டாக்டருக்குப் போன கடிதம்

ஜூன் 4

ரிப்போர்ட் நாளைக்காம். நேற்றும் இதையேதான் சொன்னார்கள்.

ஜூன் 5

அப்பா தூங்குகிறார். போனில் மறுபடியும் வெர்னி குடும்பத்தின் கதையைத்தான் படிக்கிறேன். இங்கிலாந்தில், பக்கிங்ஹாம்ஷயரில் கிளேடன் என்ற ஊர், அங்கே அவர்கள் வீடு, வீடு நிறையக் கடிதங்கள், 30,000-க்கும் மேல். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம். சர் எட்மண்ட் வெர்னி மன்னர் சார்லஸின் கொடியைத் தாங்கியவர். மன்னர் பக்கம் நியாயம் இருப்பதாக அவருக்கே தோன்றவில்லை. ஆனாலும், முப்பது வருஷமாக அவர் சோற்றைத் தின்றிருக்கிறேன், விட்டுப் போகமாட்டேன் என்றார். செஞ்சோற்றுக் கடன். 1642 அக்டோபர் 23, எட்ஜ்ஹில் சண்டையில் போய்ச் சேர்ந்தார். உடல் கிடைக்கவில்லை. கொடியைப் பிடித்த கை மட்டும் கிடைத்ததாகச் சொல்வார்கள்; யார் கண்டது.

மூத்த மகன் ரால்ஃப் நாடாளுமன்றத்தில், எதிர்ப்பக்கம். தம்பி மன்னர் பக்கம்.

ஜூன் 6

வந்துவிட்டது. என் பையில்தான் இருக்கிறது. அண்ணனிடம் மட்டும் சொன்னேன். “அம்மாகிட்ட நீயே சொல்லிடு” என்கிறான். அங்கிருந்து சொல்வது சுலபம்.

ஜூன் 7

தூக்கம் வரவில்லை. இந்த ரால்ஃப் மேல் எனக்குக் கோபம். 1643-இல் நாடாளுமன்றம் ஓர் உடன்படிக்கையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டது. மதத்தை மாற்றி அமைக்கும் சமாச்சாரம், மனசாட்சி ஒப்பவில்லை. சரி. மனைவி மேரியோடு பிரான்சுக்குப் போய்விட்டார். பதவி போனது, நிலங்கள் முடக்கப்பட்டன. அப்பா வைத்த கடன் வேறு, கரை சேர்க்க வேண்டிய தங்கைகள் வேறு. இத்தனைக்கும் மன்னர் கட்சியில் சேரவும் இல்லை. இரண்டு பக்கமும் கெட்ட பெயர்.

நிலத்தை மீட்க யார் போனது? மேரி. 1646 கடைசியில், வயிற்றில் பிள்ளையோடு, கப்பலேறி. இந்தக் காலத்தில் பெண்கள் போய் நின்றால்தான் காரியம் நடக்கும் என்று ரால்ஃபின் மாமா, டாக்டர் வில்லியம் டெண்டன் எழுதியிருந்தார். லண்டனில் ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக் கெஞ்சி அலைந்தாள். பதிமூன்று வயதில் வாழ்க்கைப்பட்டவள்.

ஜூன் 8

“டாக்டர் என்னடி சொன்னார்?”

“நாளைக்குச் சொல்றாராம்மா.”

ஜூன் 9

1647 இலையுதிர் காலம். பிரான்சில், ப்ளுவா நகரில், மகள் பெக் இறந்துபோனாள். மேரி இங்கிலாந்தில். அங்கே பிறந்த கைக்குழந்தையும் அதே சமயத்தில் போய்விட்டது. பெக் போன செய்தியை ரால்ஃப் மேரிக்கு எழுதவில்லை, டாக்டருக்கு எழுதினார். நேராக எழுதக் கை வந்திருக்காது. கோழை என்று நேற்று எழுதப் பார்த்தேன், அழித்துவிட்டேன்.

டாக்டர் மாமா எனக்கும் ஒருவர் இருந்தால் தேவலை.

ஜூன் 10

அப்பா இட்லி சாப்பிட்டார். இரண்டு!

ஜூன் 11

1648 ஜனவரியில் நிலம் திரும்பக் கிடைத்தது. மேரி ஜெயித்துவிட்டாள். 1649-இல் அந்தத் தம்பி அயர்லாந்தில், ட்ரோகெடாவில் கொல்லப்பட்டான். 1650 மே மாதம் மேரியும் போய்விட்டாள், ப்ளுவாவில். 34 வயது. ரால்ஃப் உடலைக் கிளேடனுக்கு அனுப்பிவைத்தார். அவர் 1696 வரை இருந்தார். வேறு கல்யாணம் இல்லை. பட்டம் வந்தது, மறுபடி நாடாளுமன்றமும் போனார். எனக்கு அதெல்லாம் படிக்கப் பிடிக்கவில்லை, தாண்டிவிட்டேன்.

அண்ணனுக்கு வியாழக்கிழமைதான் டிக்கெட்.

ஜூன் 12

பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வருகிறார். அம்மாவும் கூட வருவேன் என்கிறாள். புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.