மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள்

அமெரிக்காவில் 1950-களில் கட்டிய வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். பாதி அறைகளில் இரண்டு துளை சாக்கெட், மீதியில் புதிதாக மாட்டிய மூன்று துளை. போன வாரம் அதில் ஒன்றைக் கழற்றியபோது பயந்துவிட்டேன். பெட்டிக்குள் எர்த் வயரே இல்லை, முன்பு யாரோ நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) ஸ்க்ரூவிலிருந்து எர்த் ஸ்க்ரூவுக்கு ஒரு துண்டு வயரை முறுக்கி விட்டிருக்கிறார்கள். சாக்கெட்டைச் சோதிக்கும் மூன்று விளக்கு டெஸ்டரைச் சொருகினால் எல்லாம் சரி என்றுதான் காட்டும். ஆனால் வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்து போனால், அதில் சொருகிய பொருளின் உலோக உடம்பு முழுவதும் 120 வோல்ட் ஏறிவிடும். அப்போது பிரேக்கரும் விழாது. இது சட்டப்படியும் தவறு.

அமெரிக்க மின்வயரிங் விதித்தொகுப்பான நேஷனல் எலக்ட்ரிக்கல் கோடில் 406.4(டி) என்ற பிரிவு சாக்கெட் மாற்றுவதைப் பற்றியே பேசுகிறது. பெட்டியில் எர்த் இருந்தால் மூன்று துளைதான் மாட்ட வேண்டும். இல்லையென்றால் பழையபடி இரண்டு துளை மாட்டலாம், அல்லது ஜிஎஃப்சிஐ (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும்) சாக்கெட் மாட்டலாம், அல்லது அதே லைனில் முன்னால் உள்ள ஜிஎஃப்சிஐயின் பாதுகாப்பில் சாதாரண மூன்று துளை மாட்டலாம். எர்த் இல்லாமலே ஜிஎஃப்சிஐ எப்படி வேலை செய்யும் என்று எனக்கும் முதலில் சந்தேகம். அது எர்த்தைப் பார்ப்பதில்லை, போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கிறது, 4 முதல் 6 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தாலே துண்டித்துவிடும். அதனால் ஆளைக் காப்பாற்றும். ஆனால் எர்த்தை அதனால் உண்டாக்க முடியாது, எர்த்தை நம்பியிருக்கும் சர்ஜ் புரொடெக்டருக்கு (திடீரென வோல்டேஜ் எகிறினால் பொருளைக் காப்பது) அங்கே முழுப் பலன் இருக்காது. அதனால்தான் 'எர்த் இல்லை' என்ற ஸ்டிக்கரை ஒட்டச் சொல்கிறார்கள். தயவுசெய்து அந்தச் சின்ன ஸ்டிக்கரைக் குப்பையில் போடாதீர்கள், அடுத்து குடிவருபவருக்கு அதுதான் தகவல்.

அப்புறம், வீடுகளில் பெரும்பாலான இடங்களில் புதிதாக மாட்டும் சாக்கெட் குழந்தைகள் கம்பி நுழைக்க முடியாதபடி உள்ளே மூடி வைத்த வகையாக இருக்க வேண்டும், அதே கோடின் 2008 பதிப்பிலிருந்து வந்த விதி அது. பல அறைகளுக்கு ஏஎஃப்சிஐ (வயரில் தீப்பொறி பறந்தால் துண்டிக்கும்) பாதுகாப்பும் உண்டு. உங்கள் ஊர் எந்தப் பதிப்பை ஏற்றிருக்கிறது, பெர்மிட் வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெட்டியில் வெள்ளி நிற அலுமினிய வயர் தெரிந்தால் மட்டும் கை வைக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தத் துண்டு வயர்களை எல்லாம் எடுத்தாகிவிட்டது. படுக்கையறைக்கு ஜிஎஃப்சிஐ மாட்டி ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டேன், கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கு மட்டும் எலக்ட்ரீஷியன் வந்து பிரேக்கர்கள் இருக்கும் பேனலிலிருந்து தனி எர்த் வயர் இழுக்கப் போகிறார்.